வேளார் கேட்ட ஊசி

யுத்த காலம். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனி செலவில் போட்ட, தங்க உப்புக் கலந்த ஊசி மருந்தால்தான் முடக்குவாதம் தளர்ந்து, என் விரல்கள் மறுபடி பேனா பிடித்தன. ஆனால் விலாவைச் சுற்றி அக்கி கொப்பளித்தது.

“இந்த ஊசி போடுற உடம்புக்கு அக்கி வரலாம்” என்றார் டாக்டர். இனி ஊசியே வேண்டாமென்று, அக்கி எழுத, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பானை வனையும் குடும்பத்து வேளாரிடம் போனேன்.

அவர் விரல்களும் மடங்கிக் கிடந்தன. கோழி இறகை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கி, காவியைத் தொட்டு, எரியும் தோலில் சிங்கம் வரைந்தார். நான் ஊசியைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

“வெரலு நிமிருதுல்லா, அண்ணாச்சி?”

“நிமிருது.”

“சக்கரத்துல கை வைக்க முடிஞ்சா, எனக்கு ஒடம்பு பூரா அக்கி வந்தாலும் சரிதான். அந்த ஊசிய எங்கன போடுதாவ?”

அந்த ஊசி கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான்; “கேட்டுச் சொல்லுதேன்” என்று எழுந்துகொண்டேன்.

அக்கி ஆறியதும் மறுபடி ஊசிக்குப் போனேன். வேளார் வீட்டுப் பக்கம் மட்டும் அப்புறம் போகவே இல்லை.