சும்மா கொடுத்த குதிரை

ஸ்ரீரங்கம் ரயிலடியில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிறேன். காலையில் வண்டிகள் வரும், மாலையில் போகும். நடுவில் சும்மா உட்கார வேண்டும். அது எனக்கு வராது. அப்படித்தான் போனில் செஸ் பிடித்தது.

ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறையை வீடியோவில் பார்த்தேன். பேசியவர் பாஷை புரியவில்லை, காய் போனது புரிந்தது. நாலாவது நகர்த்தலிலேயே நம் குதிரையால் எதிராளியின் நடுச் சிப்பாயை வெட்டிவிட்டு, குதிரையைப் பறிகொடுக்க வேண்டும். பிறகு நம் சிப்பாய்கள் முன்னால் போகும். அவர்கள் குதிரைகள் வந்த வழியே ஓடும். ஓட்டம் கொஞ்ச நேரம்தான். யோசித்து ஆடுகிறவர் சமாளித்துவிடுவார். நமக்குக் குதிரை போனது போனதுதான்.

நான் ஆடியதோ ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் உள்ள ஆட்டம். எதிராளி, தினமும் ஸ்கூட்டரை விட்டுவிட்டு அரியலூர் ரயில் பிடிக்கும் பேங்க் அம்மா. ரயிலில் உட்கார்ந்து யோசிப்பார். வெள்ளைக் காய் எனக்கு வந்தபோதெல்லாம் குதிரையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஜெயித்தார்.

ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"அக்கா, போரடிக்குது. இன்னொரு தடவை குதிரையக் குடுத்தீங்கன்னா நான் ஆட மாட்டேன்."

"சரிங்க மேடம்."

வண்டிகளை நெருக்கி நிறுத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் விடவில்லை. "குதிரைய தானம் பண்ற மகராசி! யானைக்கும் ஆள் பாக்கலாமா?"

போனில் முகம் தெரியாதவர்கள் ஆயிரம் பேர் உண்டு. நான் நகர்த்தியதைப் பற்றி நேரில் வந்து பேசுகிற எதிராளி இந்த பேங்க் அம்மா ஒருவர்தான். விட மனமில்லை.

அடுத்த ஆட்டத்தை ஒழுங்காக ஆடினேன். ராஜாவை ஓரத்தில் பத்திரமாக வைத்தேன். எதையும் கொடுக்கவில்லை. ஆட்டம் டிரா.

"பாத்தீங்களா, எவ்ளோ நல்லா ஆடுனீங்க!"

"ம்."

அந்த ஆட்டம் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. நேராக நின்ற வண்டிகளையே மறுபடி நேராக்கினேன்.

மறுபடி வெள்ளை வந்தது. நாலாவது நகர்த்தலில் குதிரையைக் கொடுத்துவிட்டேன்.

பதில் நகர்த்தல் வரவில்லை. மறுநாள் காலை அந்தம்மா டோக்கனை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். பகல் பூராவும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒருவருக்கு டோக்கன் கொடுக்காமலே அனுப்பிவிட்டேன். மாலை ரயில் தாமதம். வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தேன்.

வந்தார்.

"சொன்னேன்ல அக்கா?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன்?"

"போன தடவை நான் ஆடுன மாதிரியே இல்லைங்க. நிறுத்துறதுன்னா நிறுத்திக்குங்க."

பையிலிருந்து போனை எடுத்தார். என் போன் அதிர்ந்தது. என் குதிரையை வெட்டியிருந்தார்.

"தோக்கப் போறீங்க."

"தெரியும்ங்க."

ஸ்கூட்டரைக் கிளப்பினார். அது ரோட்டில் இறங்குமுன் சிப்பாயைத் தள்ளிவிட்டேன்.