மூச்சுக்கு ஒரு வரி

"கல்யாணத்துல யாரு அழுவாங்க? எந்த இடத்துல?" என்று கேட்ட பிறகுதான் அக்கா பேனா மூடியைக் கழற்றுவார். பெண்ணின் அப்பா என்று பதில் வந்தால், அவர் மகளை அழைத்து வந்து நிறுத்தியதும் ஒரு பாட்டு. கண்ணைத் துடைத்துக்கொள்ள மூன்று சரணம் போதும் என்பது அக்காவின் அனுபவம்.

எங்கள் கிறிஸ்தவ ஆலய அலுவலகத்தில் அவர் டைப்பிஸ்ட். நான் ஆர்கன் வாசிப்பவன். ஜோடிகளின் விருப்பப்படி திருமண ஆராதனையை வரிசைப்படுத்தித் தருவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. மணமக்களின் பெயர்களை மட்டும் கொட்டை எழுத்தில் அடிப்பார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

"என் கல்யாணத்துல போதகர் என் பேருக்குப் பதிலா எங்க அக்கா பேரைச் சொல்லிட்டாரு. பதற்றத்துல நானும் ‘சம்மதம்’னுட்டேன். இன்னிக்கும் சண்டை வந்தா, ‘நீ யாரு கேக்க, நான் கட்டினது உங்க அக்காவை’ம்பாரு எங்க வீட்டுக்காரர்."

போன மாதம் ஒரு எலக்ட்ரீஷியனுக்குக் கல்யாணம். அவருக்குத் திக்குவாய். "எல்லாத்தையும் போதகரே சொல்லிடட்டும். இவன் தலையாட்டினாப் போதும்" என்றார் அவர் அம்மா.

அக்கா அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. "நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

பதில் வர அரை நிமிடம் ஆயிற்று. அதுவரை அக்கா அவருக்காக ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நா... நானே சொல்லணும்."

நான்கு சனிக்கிழமைகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் உறுதிமொழியை வாசிக்க வாசிக்க, நாக்கு முட்டும் இடங்களை அக்கா பென்சிலால் சுழித்துக்கொண்டார். நீள வாக்கியங்கள் துண்டாயின. மூச்சுக்கு ஒரு வரி. முட்டும் சொல்லுக்குப் பதில் அதே பொருளில் வேறு சொல்.

போதகர் நெற்றியைச் சுருக்கினார். "உறுதிமொழியில கை வைக்கலாமாம்மா?"

"ஒரு சத்தியத்தையும் குறைக்கலைங்க ஐயா. மூச்சு விட இடம் பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்." போதகர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாற்ற முடியாத சொல் ஒன்றே ஒன்று. பெண்ணின் பெயர்.

கல்யாணத்தன்று அந்தப் பெயரில்தான் அவர் நின்றுபோனார். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பெண் மட்டும் அவசரமே இல்லாமல் அவர் முகத்தையே பார்த்து நின்றாள். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. மெல்ல ஏதாவது வாசித்து மூடிவிடலாமென்று ஆர்கன் கட்டைகளில் விரலை வைத்தேன். பக்கம் புரட்ட அருகில் நின்ற அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

காத்திருந்தோம். பெயர் வந்தது, முழுசாக. அதன் பின்னால் மற்ற வரிகளும் ஒவ்வொன்றாக வந்தன. மோதிரம் மாற்றினார்கள். சபை எழுந்து நின்று பாட்டுக்காக என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றேன் காதோரம், "கையை விடுங்க. வாசிக்கணும்."