மணலில் ஒரு முனியசாமி நகர்

அந்த இடத்தைத் தேடி முனியசாமி போகவில்லை. அவரைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

துபாயில் அல் கூஸ் பட்டறைகள் முடிந்து, தார் ரோட்டைத் தாண்டி வெறும் மணலாகக் கிடந்த பொட்டல். கம்பெனியின் சாரக் குழாய்களைக் காவல் காக்க, ஒரு தார்ப்பாயையும் தண்ணீர் கேனையும் கொடுத்து அவரை இறக்கிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் கம்பெனி முழுகிப்போனது. லாரி வந்து குழாய்களை அள்ளிக்கொண்டு போனது. காவல்காரனை ஏற்றிக்கொள்ள ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாஸ்போர்ட், விசா கொடுத்த கபீலின் கையில். அந்த முதலாளியோ போனை எடுக்கவே இல்லை. விசா செத்துப்போன மனிதர் எங்கே போவார்? அங்கேயே இருந்தார்.

கழித்துப்போட்ட பிளைவுட் பலகைகளால் ஒரு குடிசை கட்டினார். முதலில் வந்து சேர்ந்தவர் கீழக்கரை மீராசா. பழைய வேன் ஒன்றை நிறுத்தி டீக்கடை போட்டார். பிறகு சம்பளம் கிடைக்காமல் கேம்ப்பை விட்டு ஓடிவந்தவர்கள், ரூமுக்கு வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவனிடம் முனியசாமி சாதி கேட்டதில்லை. மண்வெட்டிக் காம்பால் மணலில் கோடு கிழிப்பார்.

"இது தெரு அப்பு. இதுக்குள்ள குடிசைய நீட்டப்படாது. அடுப்பெல்லாம் அந்தக் கோடியில. கக்கூஸ் காத்துக்கு அந்தாண்ட பக்கம்."

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு குழி நிலம்கூட இல்லாத மனிதர் அவர். அங்கே பஞ்சாயத்து நடந்தால் ஓரமாகத்தான் நின்றிருக்கிறார். இங்கே இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் திரும்பி வாராக, நீங்க எப்ப வருவீக?" என்று போனில் மனைவி சரசு அழுவாள்.

"நான் இல்லேன்னா இங்க ஆகாது புள்ள" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

இரண்டாயிரத்து ஆறு, பொங்கல். வெல்டர் வீரபாண்டி இரும்புத் தகடும் குழாயும் கொண்டுவந்து பெரிய பலகை ஒன்றைச் செய்து முடித்தான். நீலப் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: 'முனியசாமி நகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது.'

முனியசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "நாமளே ஒளிஞ்சு கெடக்கோம். இதுல வரவேற்பு வேறயாடா?"

"ஊருன்னா போர்டு வேணும்ல அண்ணே? எங்கூர்ல நாலு வீடு இருந்தாலே நகருன்னு எழுதி வச்சிருவாங்க."

"மாலை போட்டு ரிப்பன் வெட்டுங்க தலைவரே" என்று மீராசா சிரித்தார். "எலெக்‌ஷன்ல நிக்கலாம். என் ஓட்டு இப்பவே உங்களுக்கு."

முனியசாமி சிரிக்கவில்லை. தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேஷன் கார்டையும் பாஸ்போர்ட்டையும் தவிர வேறெங்கும் எழுதப்படாத பெயர். விரலால் தொட்டுப் பார்த்தார், பெயின்ட் ஒட்டியது.

"இங்க எதுக்குடா நடுறே?" என்றார் மெதுவாக. "தார் ரோட்டுப் பக்கம் கொண்டுபோ. வாரவனுக்குத் தெரிய வேணாமா?"

பாவி மனிதர்! அத்தனை வருஷமும் மண்ணோடு மண்ணாகப் பதுங்கி வாழ்ந்த ஊரை அந்த ஒரு ஆசை காட்டிக்கொடுத்தது.

அந்த ரோட்டில் போன ஒரு போலீஸ் ஜீப், புரியாத எழுத்தைப் பார்த்து நின்றது. மறு வாரம் இன்னொரு ஜீப்போடு பஸ்ஸும் இடிக்கிற லோடர் வண்டியும் வந்தன. அந்த ஜீப்பின் டிரைவர் கலீலுர் ரஹ்மான் தமிழ்க்காரர். அதிகாரி அரபியில் கேட்டதை அவர்தான் தலைகுனிந்தபடி சொன்னார்.

"அரசாங்க நிலத்துல இந்தக் குடியிருப்ப உண்டாக்கினது யாருன்னு கேக்குறாரு. அந்த ஆளு கிடைச்சாப் போதும், மத்தவங்க மூட்டைய எடுத்துக்கிட்டுப் போயிரலாம். இல்லேன்னா எல்லாரையும் பஸ்ஸுல ஏத்தச் சொல்றாரு."

அதிகாரியின் பார்வை டீ வேனில் நின்றது. மீராசாவின் சட்டையைப் பிடித்து ஒரு காவலர் முன்னால் இழுத்தார். ஆனாலும் மீராசா முனியசாமி நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார் முனியசாமி. பின்னால் பட்டறைச் சந்து. பத்தடி நடந்தால் மறைந்துவிடலாம்.

"மீராசா பாய விடுங்க" என்றபடி முன்னே வந்தார். "முனியசாமி நான்தான்."

வீரபாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அந்தப் பாழாப்போன போர்ட எழுதினது நான்ணே! என்னையப் பிடிக்கச் சொல்லுங்கண்ணே!"

"எழுதினது நீ. ஆசைப்பட்டது நான்" என்றார். "நிக்காதடா, போ. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ."

ஜீப்பில் ஏற்றினார்கள். லோடர் முதல் குடிசையை நெருங்கியது. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று கலீலுர் ரஹ்மான் சாவியைத் திருகாமல் வெறுமனே தடவிக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க தம்பி" என்றார் முனியசாமி. "இதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஜீப் கிளம்பியது. பிளைவுட் முறியும் சத்தம் கொஞ்ச தூரம்வரை கேட்டது. அவர் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தார். கையில் விலங்கு இருந்தது.