அப்பா போட்ட தடை

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு தூரத்து நாட்டுத் தூதரகத்தில் கார் டிரைவர். அந்த நாட்டிலிருந்தே மனைவி, பிள்ளைகளோடு வந்தவர். அவர் மனைவியும் அம்மாவும் அரைகுறை மலாயில் பேசி, பின்சுவர் வழியாகக் கறியும் ரொட்டியும் மாற்றிக்கொள்வார்கள். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஒரு பிடி சீனியாவது போட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

பிறகு அந்த நாட்டு அதிபர் கஜானாவைச் சுரண்டிவிட்டார் என்று பெரிய நாடுகள் சேர்ந்து தடை போட்டன. வங்கிக் கணக்குகளை முடக்கிவிட்டதாக வானொலிச் செய்தியில் சொன்னார்கள். அப்பா ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. மேலே இருப்பவர்களுக்குக் ‘காப்பி காசு’ கொடுக்க மாட்டேன் என்று நின்று, பதவி உயர்வைக் கோட்டைவிட்டவர். அந்த ஆத்திரத்தை இறக்கிவைக்க அன்றைக்கு அவருக்கு ஒரு இடம் கிடைத்தது.

“திருட்டுப் பயலுங்க. இனிமே அந்த வீட்ல யாரும் கை நனைக்கக் கூடாது. இங்கேருந்தும் ஒன்னும் போகக் கூடாது.”

“அந்த ஆளு கார் ஓட்டுறாருங்க. அவரு என்னா பண்ணுவாரு?” என்றாள் அம்மா.

“அந்தக் கவர்மெண்ட் சம்பளம்தானே லா திங்கிறான்?”

அந்தச் சம்பளமும் அப்போது நின்றுபோயிருந்தது. தடையால் தூதரகத்துக்குப் பணம் வரவில்லை. பக்கத்து வீட்டில் சமையல் வாசம் குறைந்தது. பிள்ளைகள் விளையாட வெளியே வருவதையே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கிண்ணம் ஒன்று எங்களிடம் இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அதை வெறுமனே நீட்டினாள். அந்தப் பெண் கிண்ணத்துக்குள் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அப்பாவின் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

சில வாரம் கழித்துக் கிள்ளானில் அப்பாவின் மேலதிகாரி வீட்டுக் கல்யாணம். அந்த நாட்டுத் தூதரும் விருந்தாளி. ஆள் ஒரு சுற்றும் இளைக்கவில்லை. சொந்தப் பணம் வைத்திருப்பவனை எந்தத் தடை தொட்டது? யாரோ அப்பாவை அவர் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். அப்பா பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினார். கை கழுவ எழுந்து வந்தவர், “ரொம்பத் தன்மையான மனுசன்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா விறுவிறுவென்று வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். தூதரின் காருக்குப் பக்கத்தில், கன்னம் ஒட்டிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வந்து சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கும் கட்டித் தருகிறேன் என்று அம்மா மலாயில் கெஞ்சினாள்.

அவர் மண்டபத்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“வேண்டாம் அக்கா,” என்றார் அவரும் மலாயில். “அண்ணன் கோபப்படுவார்.”