பருப்பை வேக விடாத காத்து

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில் நடந்தது இது. நான் மலையிலேயே இருந்த தானா ராத்தா ஊர்ப் பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணமாகி, கீழே கடலோரத் தெலுக் ஆன்சன் பக்கத்துத் தென்னந்தோட்டத்திலிருந்து அண்ணி வந்திருந்தார்.

வந்த சில நாட்களிலேயே பருப்பில் பிரச்சினை தொடங்கியது. அம்மா மலையிலேயே பிறந்தவர். கொழுந்து பறிக்கப் போகுமுன் சாம்பார் வேண்டுமென்றால் இருட்டோடு எழுந்து பருப்பை அடுப்பில் ஏற்றிவிடுவார். அண்ணியோ விடிகிற நேரத்தில்தான் ஏற்றுவார். வேலைக்குக் கிளம்பும் சங்கு ஊதும், பருப்பு கல்லு மாதிரி கிடக்கும்.

"எங்க வீட்டுல அரை மணி நேரத்துல வெந்துரும் அத்தை."

"அப்ப அந்த அடுப்பையும் சீதனமா தூக்கிட்டு வந்திருக்கணும்லா!"

சோறும் அப்படித்தான், நறுக்கு நறுக்கென்று இருக்கும். ராசியில்லாத கை என்று லயம் முழுக்கப் பேச்சு. ஒரு நாள் காலை அண்ணி அடுப்பு முன்னாலேயே அழுதுவிட்டார். "அதே பருப்புதானே பாப்பா, ஏன் என் கையில மட்டும் வேக மாட்டேங்குது?"

அந்த வாரமே பள்ளியில் விடை கிடைத்தது. வாயுக்களைப் பற்றிய பாடம். மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடுகிறது, அது தண்ணீரை அழுத்துவதும் குறைகிறது. அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆசிரியர் கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துக் காட்டினார். நூறு வரவில்லை, தொண்ணூற்றைந்திலேயே நின்றுவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை. கொதிப்பதெல்லாம் ஒரே சூடு இல்லை! அண்ணியின் கையில் ஒரு குறையும் இல்லை!

பஸ் நின்றதும் ஓடினேன். அம்மா குழாயடியில் நாலைந்து பெண்களோடு நின்றிருந்தார். பாடம் நடந்தது மலாயில். காற்று அழுத்துவதை அதில் 'தெக்கானான்' என்றார்கள்; அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்னவென்று எனக்குத் தெரியாது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணி மேல தப்பே இல்லம்மா! எல்லாம் இந்த மலைக் காத்து பண்ற வேலை. காத்துதான் வேக விட மாட்டேங்குது!"

எல்லோரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் வியப்பு என்று நினைத்துக்கொண்டேன். இருட்டியபின் பெயர் சொல்லக் கூடாத ஒன்றையும் எங்கள் லயத்தில் 'காத்து' என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா நெஞ்சில் கைவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, அந்தக் காத்து இல்ல! தெக்கானான்!"

"பாத்தியாக்கா, அதோட பேரே தெரிஞ்சு போச்சு!" என்றார் குழாயடியில் நின்ற ஒருவர்.

அதற்குமேல் நான் கத்தியது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணியைக் கோயிலில் உட்கார வைத்து, அந்தக் குளிரில் தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள். பூசாரி உடுக்கையை அடித்து, "யாரு நீ? எங்கேர்ந்து வந்தே?" என்று அதட்டினார்.

"தெலுக் ஆன்சன்லேர்ந்து வந்தேன் சாமி" என்றார் அண்ணி, பல் கிட்டிக்க.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

மறுவாரம் அண்ணியின் அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார். கூட்டிவரப் போன அண்ணனிடம், "பேய் பிடிச்சவள்னு பேர் வாங்கின வீட்டுக்கு எந்த முகத்தோட வருவேன்?" என்றாராம் அண்ணி. கடைசியில் அண்ணன்தான் தேயிலை ஆலை வேலையை விட்டுவிட்டுக் கீழே போய் அண்ணியோடு சேர்ந்துகொண்டார். இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. அண்ணி இன்றுவரை மலையேறவில்லை.

போன தீபாவளிக்கு, அண்ணன் மட்டும் வந்துபோன மறுநாள், அம்மாவுக்கு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். 'காற்றழுத்தம்' என்ற சொல் இப்போது எனக்குத் தெரியும். அதுகூடத் தேவைப்படவில்லை. "இங்க தண்ணிக்கு மேல பாரம் கம்மிம்மா. அதனால முழுசா சூடேறுறதுக்குள்ள கொதிச்சுருது" என்றேன். அம்மா அடுப்பிலிருந்த பருப்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இவ்ளோதானா? இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமேடி."

ஒன்று புரிந்துவிட்ட துள்ளலில் யாரிடமாவது சொல்ல ஓடும்போதெல்லாம், கேட்பவர் காதில் அது என்னவாக விழும் என்று இப்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன். அந்த ஒரு கணம் அன்றைக்கு என்னிடம் இல்லாமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.