எங்களை அண்ணன் தம்பி ஆக்கிய மியூசியம்

ஆம்பூர் பக்கம் புதிதாகத் திறந்த தோல் தொழில் மியூசியத்துக்கு இன்று போனேன்.

டேனரி வாசலில் நானும் பஷீரும் நிற்கும் போட்டோ அங்கே மாட்டியிருக்கிறது. கொடுத்தவன் நான்தான். இருவரும் முப்பது வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. கீழே இருப்பதை அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் வாசிக்கச் சொன்னேன்.

"சகோதரர்கள்னு போட்டிருக்கு தாத்தா."

"முனுசாமியும் பஷீரும் எந்த ஊர்லம்மா கூடப் பொறந்தாங்க?"

"பசங்கல்லாம் வர்ற எடம். பேஜாராய்டும்னு சார் மாத்திட்டாரு."

பஷீரை அடக்கம் செய்த அன்று அவன் சொந்த அண்ணனே என்னை முன்னால் இழுத்து, "மொத மண்ணு நீ போடுப்பா" என்றார். அவரும் படிக்காதவர்தான்.

போட்டோவைத் திருப்பிக் கேட்டேன்.

"எழுதிக் குடுங்க தாத்தா."

இந்தப் பதிவையே போனில் பேசித்தான் போடுகிறேன். யாராவது எழுதித் தர வருகிறீர்களா? உள்ளதை உள்ளபடி எழுதுகிறவராக இருந்தால் போதும்.