முதலில் சிவந்த வாய்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் இன்று நாலு மாடி லாட்ஜ் நிற்கிற இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். கீழே துணிக்கடையும் செல்போன் கடையும் இருக்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், வரவேற்பு மேசை இருக்கிற இடத்தில்தான் எங்கள் அடுப்பு இருந்தது என்று என் மகளிடம் சொல்லிவிடுவேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்ப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அந்த இடத்தைப் பார்த்தால் துக்கமா கோபமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

எண்பதுகளின் நடுவில் அது எட்டு ஓட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன். எட்டுக்கும் பொதுவாக நீளமான ஒரு வாசல், ஒரு குழாய். கோடை வந்தால் மண்டியிலிருந்து புளி மூட்டைகள் வாசலில் வந்து இறங்கும். லைன் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அம்மாவின் கையில்தான் எங்கள் வீட்டு அரிசி இருந்தது. அப்பா அதே மண்டியில் மூட்டை தூக்கினார், ஆனால் அவருக்கு வேலை இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. கம்பைநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு டவுனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு கிடைத்தது மாதாவின் தயவு என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடங்களில்தான் ஊர் வளரத் தொடங்கியது. எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். மஞ்சள் வெளிச்சம் கொட்டுகிற விளக்குகள் வந்தன. அப்பா சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து, அந்த விளக்கைத் தானே மாட்டியவர் போல அண்ணாந்து பார்ப்பார். "நம்மூரும் சேலம் மாதிரி ஆவுது பாரு" என்பார். லைனுக்குப் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதரை வெட்டிப் பிளாட் போட்டார்கள். அதில் மொசைக் தரை போட்ட மாடி வீடுகள் எழும்பின. நாங்கள் பிள்ளைகள் அந்த வீடுகளின் கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற ரோஜாச் செடிகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

புதர் போனதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. லைனில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் அந்தப் புதரைத்தான் நம்பியிருந்தார்கள். பிளாட்டும் விளக்கும் வந்தபிறகு ஒதுங்க இடமில்லாமல், விடிவதற்கு முன்பே எழுந்து தண்டவாளம் வரைக்கும் நடந்தார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பசிக்கவில்லை என்றாள். ஒரு விடியலில் தண்டவாளப் பக்கம் யாரோ டார்ச் அடித்துச் சிரித்தார்கள் என்று பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை நான் கேட்டேன். அக்காவின் பங்குச் சோறு எனக்குக் கிடைத்ததுதான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அந்தச் சமயத்தில் லைனின் முதலாளி, எல்லாவற்றையும் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போவதாகச் சொல்லியனுப்பினார். இண்டூர் போகிற ரோட்டில், டவுனைத் தாண்டி, அவருடைய நிலத்தில் புதிதாக வீடுகள் கட்டியிருக்கிறாராம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கக்கூஸ், கதவும் தாழ்ப்பாளும் போட்டு. வாடகையும் அதே வாடகை. ஆனால் வாசல் கிடையாது, நெருக்கமான சந்துதான். அவ்வளவு தூரத்துக்கு மண்டிக்காரர்கள் புளி அனுப்ப மாட்டார்கள். புளி வராத இடத்தில் அம்மா என்ன செய்வாள்?

குழாயடியில் கூட்டம் போட்டார்கள். அம்மாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"ரோடு போட்டா நாம போவணுமா? லைட்டு போட்டா நாம போவணுமா? ஒரு வூடு அசைஞ்சா எட்டு வூடும் போயிரும். யாரும் அசையக் கூடாது."

அப்பா பெருமையோடு அம்மாவைப் பார்த்தார். "எங்கூட்டுல சொன்னா சொன்னதுதானுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். எட்டு வீடும் அசைவதில்லை என்று முடிவாயிற்று.

முதலாளி அடியாட்களை அனுப்பவில்லை, போலீசுக்குப் போகவில்லை. அவருடைய மனைவியை அனுப்பினார். ஒரு பிற்பகலில் அந்த அம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு பெண்கள் தட்டுகளைச் சுமந்து வர, வீடு வீடாக வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. பூமி பூஜைக்கு அழைப்பு.

"நீங்க எல்லாம் இருந்த எடங்கண்ணு. ஒங்க மனசு குளுந்தாத்தான் கட்டடம் நிக்கும். வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்."

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்து, எங்கள் தட்டில் மட்டும் குங்குமம் வைக்காமல் கொண்டுவந்திருந்தார். அந்தக் கவனிப்பைப் பார்த்ததும் அம்மா இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். வாசலில் வந்து நிற்கிற சுமங்கலியின் கையில் இருக்கிற தட்டை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு நாக்கு வராது. எட்டுப் பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அம்மாள் போனதும்தான் எல்லாருக்கும் உறைத்தது. தாம்பூலம் வாங்கிப் போட்டுக்கொண்டால் சம்மதம் கொடுத்த மாதிரி. அதற்கும் அம்மாதான் வழி சொன்னாள். "வாங்குனதுதான் வாங்கிட்டோம், வாயில போடாம இருந்தாச் செரி. அப்பிடியே எடுத்து வைங்க. காலைல எட்டுத் தட்டையும் ஒண்ணாக் கொண்டு போயிக் குடுத்தர்லாம். ஆம்பளைங்க வந்ததும் சொல்லி வெச்சிருங்க." சொல்லிவிட்டு, எங்கள் தட்டை எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கி, மாதா படத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்த பலகையில் வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு அப்பா வந்தார். முகம் கழுவிக்கொண்டு, வழக்கம்போலக் கதவோரத்து மரப்பெட்டியின் மேல் இருக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்குக் கை நீட்டினார். பக்கத்திலேயே தட்டில் கொழுந்து வெற்றிலை இருந்தது. எங்கள் வீட்டில் வழக்கமாக இருப்பது வாடிய வெற்றிலைதான். அவர் இரண்டு இலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, நிதானமாகப் போட்டுக்கொண்டார். அடுப்படியில் இருந்த அம்மா அப்போதுதான் திரும்பினாள்.

"அய்யோ, அதப் போயிப் போட்டுட்டீங்களா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விவரம் தெரிந்ததும் அப்பா பதறிக் குழாயடிக்கு ஓடினார், துப்பி வாயைக் கழுவுவதற்கு. அங்கே கோடி வீட்டு அத்தை குடத்தோடு நின்றாள். அப்பாவின் சிவந்த வாயை அவள் பார்த்துவிட்டாள். இருட்டுவதற்குள் லைன் முழுக்க எங்கள் வாசலில் கூடிவிட்டது. மொதலாளிகிட்ட என்ன வாங்குன என்றுகூட ஒருவர் கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தெரியாமப் போட்டுட்டனுங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகை பொய்யில்லை. நான் அவள் மடியில் தலை வைத்திருந்தேன், அவள் வயிறு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனவர்களின் தட்டுகளிலும் காலையில் வெற்றிலை இல்லை. கோடி வீட்டு அத்தையின் உதடே சிவந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பூமி பூஜைக்கு எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனோம். எங்கள் வாசலில், எங்களைக் காலி செய்யவைக்கிற கட்டடத்துக்கு, நாங்களே நின்று நடத்திக் கொடுத்தோம். கேசரி நன்றாக இருந்தது. நான் இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

அடுத்த மாதம் இண்டூர் ரோட்டு வீட்டுக்குச் சாமான்களை இறக்கினோம். மாதா படத்தை மாட்டுவதற்கு முன்பே அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டாள். அன்று ராத்திரி அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

புளி வரவில்லை. அம்மா விடிகாலையில் மண்டிக்கே நடந்து போய், இரைச்சலும் தூசியுமான கொட்டகையில் முன்பின் தெரியாத பெண்களோடு உட்கார்ந்து கொட்டை எடுத்துவிட்டு வந்தாள். கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடிந்தது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அப்பாதான் புலம்புவார். பழைய லைன்காரர்கள் யாரைக் கண்டாலும், "எம்பட வாயாலதான் எட்டு வூடும் போச்சு" என்பார். வெற்றிலையை அன்றோடு விட்டுவிட்டார். சாகும் வரைக்கும் தொடவில்லை. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மா பக்கத்தில்தான் இருப்பாள். மறுத்துப் பேச மாட்டாள். எழுந்து போகவும் மாட்டாள்.

தட்டு வந்த அன்று, பொழுது சாயும் முன்பு, நான் வீட்டுக்குள் சோழி விளையாடிக்கொண்டிருந்தேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்புடு சாமி" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. அம்மா எட்டிப் பலகையில் இருந்த தட்டை இறக்கி, மரப்பெட்டியின் மேல் வைத்தாள். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது. விரல் நுனியால் தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் குழைத்து, மூடி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா களைத்து வருவாரே என்று எடுத்து வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.